ஐந்து ரூபாய்க் குற்றி

மரத்துண்டுக்கும் குற்றி என்றுதான் பெயர்,
காசுக்கும் குற்றி.
இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு
நான் முழங்காலில் நின்ற மாதம் அது.

இரத்மலானைப் பக்கம் ஒரு பட்டறையை இடித்தார்கள்.
தரையெல்லாம் மரம்.
இரும்பு விழுந்தால் இரும்பும் உடையாது, தரையும் உடையாது என்று
வெள்ளைக்காரன் காலத்தில் போட்டது.
பஞ்சிகாவத்தை நவ்சாத் ஏலத்தில் எடுத்து,
லொறிக்கு இவ்வளவு என்று பேசி,
பார்ன்ஸ் பிளேஸ் தோட்டமொன்றில் கொட்டினான்.
ஆயிரத்து நூற்று நாற்பது.
சுசந்த எண்ணினான். நான் எண்ணியபோது மூன்று குறைந்தது.

ஒவ்வொன்றும் ஒரு றாத்தல் பாண் அளவு.
தாரும் கிறீசும் உறைந்த தோல்.
சுரண்டினால் உள்ளே சிவப்பு,
நேற்று வெட்டியது மாதிரி.

கிரவல் போட்டு இடித்து,
மேலே இரண்டு அங்குலம் மணல்,
நூல் கட்டி, மட்டம் பார்த்து,
நார் முனை வானத்தைப் பார்க்க
ஒவ்வொன்றாய் நிறுத்தி
றப்பர் சுத்தியலால் ஒரு தட்டு.
இரண்டாவது தட்டு தேவைப்பட்டால்
மணல் சரியில்லை என்று அர்த்தம்.

இரண்டு கட்டைக்கு நடுவில் ஒரு ஐந்து ரூபாய்,
பழையது, தடித்தது.
வைத்து, எடுத்து,
வைத்து, எடுத்துக்கொண்டே போவது என் வழக்கம்.

திருமதி அபேரத்ன குனிந்து பார்த்தார்.
"இது என்ன பல்லிடுக்கு மாதிரி?
எறும்பு வரும். மகளுக்குக் கல்யாணம்,
ஹீல்ஸ் மாட்டும். நெருக்கி வையுங்கள்."
மரம் குடிக்கும் மேடம், என்றேன்.
"எண்பது வருஷம் காய்ந்த மரம்," என்றார்.
சம்பளம் தருகிறவர் சொன்னால்
மரமும் கேட்கும் என்று நினைத்தோமோ என்னவோ,
நெருக்கி வைத்தோம்.
கத்தி நுனி போகாது.
படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார்.

ஐப்பசி.
மூன்று நாள், யாரோ பைப்பை மூட மறந்த மாதிரி மழை.
பொரளைச் சந்தியில் முச்சக்கர வண்டிகளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.
நாலாம் நாள் காலை ஆறு மணிக்குப் போன்:
"ராயப்பு, பாதை எழும்பி நிற்கிறது."

உண்மையாகவே எழும்பித்தான் நின்றது.
நடுவில் ஒரு முதுகு,
நாயைக் கண்ட பூனையுடையது.
கட்டைகள் ஒன்றையொன்று தோளால் தள்ளி,
போக இடமில்லாமல் மேலே போயிருந்தன.
கீழே கையை விட்டேன்; வெறும் காற்று.
ஓரத்துச் சுவரிலும் ஒரு வெடிப்பு.
நான் அப்போதே சொன்னேனே என்று நான் சொல்லவில்லை.
சுசந்த சிங்களத்தில் மெல்லச் சொன்னான்.
என்ன சொன்னான் என்பதை இங்கே எழுத முடியாது.

எல்லாவற்றையும் பெயர்த்தோம்.
வெயில் வரும்வரை கராஜில் அடுக்கினோம்.
அப்படி அடுக்கும்போதுதான் பார்த்தேன்,
ஒரு கட்டையின் தலை குழிந்திருந்தது.
இன்னொன்றும். தேடினால் ஆறு.
சேர்த்து வைத்தால் இரண்டு பாதம்,
இடது கொஞ்சம் ஆழம்.

கடைசல் மெஷினுக்கு முன்னால்
ஒருவன் நின்றிருக்கிறான்,
பென்ஷன் வரும்வரை.
செருப்போடா வெறுங்காலோடா, தெரியவில்லை.
வலது குதிகாலில் ஏதோ நோவு இருந்திருக்க வேண்டும்.
முதல் தடவை அவனை
வாசலுக்கும் கேற்றுக்கும் இடையில்
ஆறு இடத்தில் சிதறப் பதித்திருக்கிறேன்.

இந்தத் தடவை காசு வைத்தே பதித்தோம்.
இடுக்கில் மணல் கூட்டி நிரப்பினோம்.
தண்ணீர்க் குழாயடியில், நந்தியாவட்டைக்குக் கீழே,
யாரும் மட்டம் வைத்துப் பார்க்காத மூலையில்
அந்த ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்,
சுவரைப் பார்த்தபடி.
குழிந்த பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டிருக்கலாம்.
வேலை தெரிந்தவன் அதைத்தான் செய்வான்.

ஒரு காசு எங்கோ மாட்டிக்கொண்டது.
மரம் அதற்குள் கொஞ்சம் குடித்துவிட்டது போலும், விடவில்லை.
ஐந்து ரூபாய்தானே, என்றான் சுசந்த.
இப்போது அதற்கு ஒரு டொபியும் வராது.

கல்யாணம் முடிந்து மறுபடி போன்.
பாதை நல்லதாம். ஹீல்ஸ் இரண்டு உடைந்ததாம்,
அதை விட்டுவிட்டார்.
"குழாயடியில் மட்டும் தண்ணீர் நிற்கிறது, ராயப்பு,
இரண்டு இடத்தில், சின்னதாக.
மைனா வந்து குடிக்கிறது."

வந்து பார்க்கிறேன் மேடம், என்றேன்.
போகவில்லை.